தட்டில் விட்ட ஒரு சாண் இடைவெளி

மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கும் ஒரு கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது பிள்ளைப்பேற்று விடுமுறையில் போகிறேன். என் இடத்துக்கு வரும் பெண்ணுக்கு வேலைக் குறிப்புகள் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எழுத, குறிப்பில் அடங்காத ஒன்று மிஞ்சிக்கொண்டே இருந்தது. புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கும் தங்கைமாருக்கு அது பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

1. முதல் நாள்

என்னை எடுத்தது மீன்பிடிப் பகுதிக்கு. தூண்டில், நரம்பு, முள்ளு என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் மத்தியானம் ஒரு பெட்டியைத் துவக்குக் கவுண்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்ற துவக்குகளைக் கண்டதும் பெட்டியோடு பாதி வழியில் நின்றுவிட்டேன். மட்டக்களப்பில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் துவக்கைக் கண்டால் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. வீதியின் மற்றக் கரையால் போகவேண்டும்.

கடை முதலாளி ஜினெட் அறுபது வயதான கியூபெக் பெண். தானும் வேட்டைக்குப் போகிறவர். அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் கடை திறக்க முதல் என்னைக் கூப்பிட்டு, ஒரு துவக்கை மேசையில் வைத்து, பூட்டையும் தோட்டா போகும் வெறுமையான அறையையும் காட்டினார். பிரெஞ்சில் அவர் சொன்னது இதுதான்: "பூட்டியிருக்கு. உள்ளே ஒன்றும் இல்லை. நான் சொன்னேன் என்று நம்பாதே. நீயே பார்."

நான் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். அவருக்கு அது பிடித்துப்போனது.

வீட்டில் இந்தப் பழக்கத்துக்காகத்தான் எனக்குக் கேலி. அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பிப் போவேன். நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலில் மகளைக் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு மெட்ரோ வரைக்கும் நடந்து, அவளுடைய கையுறை பையில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் போவேன். "உனக்குச் சம்பளம் தந்தால் ரெண்டு தரம் எண்ணுவாய், சரி. மூண்டு தரம் ஏனப்பா?" என்பார் கணவர். இந்தக் கடையில் மட்டும் அந்தக் குணத்துக்கு மதிப்பு இருந்தது. மூன்றாம் வருடம் என்னை ரீலோடிங் பகுதிக்கு மாற்றினார்கள்.

2. புதுத் தோட்டா

ரீலோடிங் என்றால் தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை வைத்துக்கொண்டு, அதற்குத் தீப்பொறி எழுப்பும் புதுப் பிரைமர் அடித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை, அதாவது சன்னத்தை, அமுக்கி வைப்பார்கள். வேட்டைக்காரர் பலருக்கு அது பனிக்காலப் பொழுதுபோக்கு. கோது, கோதுக்கு வடிவம் கொடுக்கும் டை, மருந்து, சன்னம் எல்லாம் என் தட்டுகளில் இருக்கும். மருந்துக்கு லைசன்ஸ் பார்த்துப் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில் எழுதுவோம். சன்னம் வெறும் உலோகத் துண்டு, அதற்குப் பதிவு இல்லை.

அந்த வருடம் ஒரு புதுத் தோட்டா வந்திருந்தது. வழக்கமான ரைபிள் கோது போத்தல் மாதிரி, கழுத்தில் ஒடுங்கும். இது ஒடுங்காது, லிப்ஸ்டிக் குழாய் மாதிரி நேராக இருக்கும். அதனால் ஸ்ட்ரெயிட்-வோல் என்று பெயர். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் சில மாநிலங்களில், வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதிகளில் நீண்ட தூரம் போகும் ரைபிளால் மான் சுடச் சட்டம் விடாது. நேர்க் கோதுத் தோட்டா என்றால் அனுமதி, அதிலும் கோதின் நீளத்துக்கும் சன்னத்தின் பருமனுக்கும் எல்லை உண்டு. கியூபெக்கில் அப்படி ஒரு விதி இல்லாததால் எங்கள் கடையில் அதைக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

அந்தக் குறைவானவர்களில் ஒருவர் ரவி அண்ணை. திருகோணமலைக்காரர். மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொன்டெயினர் இழுக்கும் லொறிச் சாரதி. அவருடைய மச்சான் எல்லைக்கு அப்பால் அப்படியான ஒரு மாநிலத்தில் இருக்கிறார். இலையுதிர்காலத்தில் இருவரும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போவதாகத் திட்டம். புதுத் துவக்கு வாங்கி, எல்லை கடக்கும் படிவங்களும் போட்டிருந்தார்.

"தங்கச்சி, நான் வீட்டில அடிச்ச தோட்டாவ அவங்கட சட்டம் ஒத்துக்கொள்ளுமோ? இல்ல கடையில வாங்கினதுதான் வேணுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்த மாநிலத்து வனவிலங்கு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். தோட்டாவின் அளவு விதிக்குள் இருந்தால் போதும், யார் அடைத்தது என்பது விடயமில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தையும் விதிமுறைப் பக்கத்தையும் அச்செடுத்து, அவருக்குரிய வரிகளில் மஞ்சள் கோடு போட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை வந்து சாமான் வாங்கினார். நான் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். டை மூன்று துண்டு செட்தானா என்று பார்த்தேன், ஏனென்றால் நேர்க் கோதின் வாயைக் கொஞ்சம் விரிக்க ஒரு டை கூடுதலாக வேண்டும். மருந்தின் பெயரைக் கையேட்டோடு இரண்டு தடவை ஒப்பிட்டேன். இந்தக் கோது துவக்கின் அறையில் வாய் விளிம்பில்தான் தாங்கி நிற்கும், ஆகவே விளிம்பை உள்ளே உருட்டி மடிக்கக்கூடாது, கோதை வெட்டும்போது நீளம் குறையக்கூடாது என்றும் சொன்னேன்.

"வாத்தியார் மாதிரிக் கதைக்கிறீங்க," என்று சிரித்தார்.

"முப்பத்தஞ்சு சன்னம் ஒரு பெட்டி" என்று கடைசியாகக் கேட்டார். முப்பத்தஞ்சு என்பது எண்ணிக்கை அல்ல, சன்னத்தின் பருமன். கைக்கு எட்டிய பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

3. ஒழுங்கு

அதற்கு மூன்று நாள் முந்தித்தான் அந்தத் தட்டை ஒழுங்குபடுத்தியிருந்தேன். எனக்கு முதல் அந்தப் பகுதியைப் பார்த்தவர் பீட்டர் என்ற வயதானவர். வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் சன்னத் தட்டில் ஓரிடத்தில் ஒரு சாண் அளவு வெறுமையாக விட்டிருந்தார். மற்ற இடமெல்லாம் நெருக்கிப் பெட்டி அடுக்கியிருக்க, அங்கே மட்டும் ஒன்றும் இல்லை. இடைவெளிக்கு இந்தப் பக்கமும் "35", அந்தப் பக்கமும் "35". இடம் வீணாகக் கிடக்கிறதே என்று நினைத்தேன். எல்லா முப்பத்தைந்தையும் ஒரே வரிசையாக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு படம்கூட எடுத்தேன்.

சனிக்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், அந்த வரிசைக்குப் பிரெஞ்சில் ஒரு விபர அட்டை அடிக்க உட்கார்ந்தேன். பெட்டிகளில் பெரிய எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கள் பக்கத்திலிருந்து பிரெஞ்சு அட்டை ஒன்று வைப்பது கடை வழக்கம். முதல் பெட்டியின் விட்டத்தை அடித்தேன்: .357. அடுத்ததை அடித்தேன்: .358.

பிழையாக அடித்துவிட்டேன் என்று நினைத்து அழித்தேன். மறுபடி பெட்டியைப் பார்த்தேன். பிறகு லாச்சியிலிருந்து அளக்கும் கருவியை எடுத்தேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தபோது வேணியர் இடுக்குமானி என்று பாடமாக்கிய அதே சாதனம்தான், இது பற்றரியில் ஓடுகிறது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சன்னத்தை எடுத்து அளந்தேன். பெட்டியில் போட்டிருந்தது சரி. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். .357 புதுத் தோட்டாவுக்கு. .358 பழைய ரைபிள்களுக்கு. வாயால் சொல்லும்போது இரண்டுமே முப்பத்தைந்துதான். அந்த ஒரு சாண் இடைவெளி எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

பருத்த சன்னத்தை அடைத்தால் தோட்டா அறைக்குள் போகாமல் இறுகும். பலவந்தமாகப் போட்டுச் சுட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும், அந்தத் துவக்கு தாங்குமா என்பதெல்லாம் யாரும் சோதித்துப் பார்க்கக்கூடாத கேள்விகள். சுடுகிறவரின் கன்னம் அந்த அறைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

கணினியில் பார்த்தேன். நான் ஒழுங்குபடுத்திய பிறகு .358 ஒரேயொரு பெட்டிதான் விற்றிருந்தது. வியாழக்கிழமை. "சனிக்கிழமை காலமை ரேஞ்சுக்குப் போய் அடிச்சுப் பாக்கப்போறன்" என்று ரவி அண்ணை சொன்னது நினைவு வந்தது.

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை. ஐந்து நிமிடம் நான் எழும்பவில்லை. பெட்டிகளைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது. அவராகவே தட்டிலிருந்து பிழையாக எடுத்தார் என்று ஆகிவிடும். இந்த வேலையை வைத்துத்தான் மகளின் நேரம், கணவரின் ஷிப்ட், வீட்டு வாடகை எல்லாம் ஓடியது. என் கை ஒரு பெட்டியில் இருந்தது. அதை நகர்த்தப்போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பெட்டியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஜினெட்டிடம் போனேன்.

நான் அழத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "முதலில் தொலைபேசி. அழுவது பிறகு."

4. தொலைபேசி

மருந்துப் பதிவேட்டில் ரவி அண்ணையின் எண் இருந்தது. இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சில் காது மூடி போட்டிருப்பார்கள், யாருக்கும் மணி கேட்காது. ஜினெட் மற்றத் தொலைபேசியில் ரவி அண்ணை போகும் சுடும் கழகத்துக்கே அடித்து, அங்குள்ள பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, லொறிக்காரர், தமிழர், புதுத் துவக்கு, உடனே நிறுத்து என்று சொன்னார். பிறகு காத்திருந்தோம். அந்த நேரத்தில் ஒருவர் வந்து புழு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிக் குளிர்பெட்டியைக் காட்டினேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

தொலைபேசி அடித்தது. ரவி அண்ணை.

"சுட்டிட்டீங்களா அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. முதலாவதே உள்ள போகுதில்ல. இறுகிப்போய் நிக்குது. போல்ட்டப் பூட்ட உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டுவம் எண்டு கை ஓங்கினனான். இந்த மனுசன் ஓடிவந்து கையப் பிடிச்சிட்டார்."

"தட்டாதேங்கோ. சன்னம் பிழை. நான் தந்தது பிழை."



"நீங்க தந்ததோ?"

"ஓம் அண்ணை. நான்தான்."

"சரி. துவக்கக் கீழ வைக்கிறன்," என்றார்.

அதன் பிறகுதான் அழுதேன். ஜினெட் மெஷினில் ஒரு கோப்பி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அந்த இடைவெளியைப் பற்றி பீட்டர் தன்னிடம் சொல்லியிருந்தாராம். உனக்குச் சொல்லாதது என் பிழை, உன்னுடையது கேட்காமல் நிரப்பியது, அது இரண்டாவது பிழை என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பின்னேரம் இருவருமாக அந்தத் தட்டைப் பழையபடி பிரித்தோம்.

5. பிறகு

செவ்வாய்க்கிழமை ரவி அண்ணை வந்தார். அடைத்த இருபது தோட்டாவையும் சுத்தியல் கருவியால் தட்டிப் பிரித்து, சன்னங்களை ஒரு யோகட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கவுண்டரில் நின்ற பெடியன் உதவ வந்தபோது, வேண்டாம் என்று என்னைக் காட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பெட்டியில நம்பர் பெரிசாத்தான் போட்டுக்கிடக்கு. நானும் பாக்கேல்ல. கொன்டெயினர் நம்பரைப் பதினொரு எழுத்தும் பாத்துத்தான் லொறியில ஏத்துவன், இத மட்டும் பாக்கேல்ல. சரி, விடுங்கோ. இண்டைக்கு நீங்கதான் எடுத்துத் தரோணும்."

"வேற ஆளிட்ட வாங்கினா உங்களுக்கு நிம்மதியா இருக்கும் அண்ணை."

"மற்றவையிட்ட வாங்கினா அவையள் பிழை விட்டது எனக்கு ஆர் சொல்லுறது?"

.357 பெட்டியை எடுத்தேன். அவர் முன்னாலேயே திறந்து, ஒரு சன்னத்தை அளந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நீங்க வாசியுங்கோ" என்றேன். பள்ளிப்பிள்ளை மாதிரிச் சத்தமாக வாசித்தார்.

நவம்பரில் எல்லை கடந்து போனார். காட்டில் அலுவலர் நிறுத்தித் தோட்டாவைக் கேட்டபோது நான் மஞ்சள் கோடு போட்ட தாளை நீட்டினாராம். அந்த அலுவலர் கோதைத் தாளோடு வைத்துப் பார்த்துவிட்டு, யார் இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்தது என்று கேட்டாராம். வேட்டை எப்படி என்று நான் கேட்டேன்.

"மான் ஒண்டும் வரேல்ல. ஒபிசர்தான் ரெண்டு தரம் வந்தார்."

என் இடத்துக்கு வரும் பெண்ணுக்கான குறிப்பில் முதல் வரி இது: இந்த ஒரு சாண் இடத்தில் எதையும் வைக்கவேண்டாம். இரண்டாவது வரி: ஏன் என்று ஜினெட்டிடம் கேள், சொல்லுவார். ஒரு தட்டில் விளங்காத ஒன்றைக் கண்டால், திருத்த முதல் கேட்கவேண்டும். பிழை விட்டுவிட்டால், அதனால் அடிபடப்போகிறவருக்கு முதலில் சொல்லவேண்டும். மற்றவர்களுக்குப் பிறகு சொல்லலாம். இரண்டையும் நான் ஒரு கிழமைக்குள் படித்தேன். ஜினெட்டும் ரவி அண்ணையும் நல்லவர்களாக இருந்ததால் மலிவாகப் படித்தேன். எல்லோருக்கும் அப்படி அமையாது என்பது தெரியும். அமைந்ததற்கு நன்றியோடு இருக்கிறேன்.

இப்போது எங்கள் கடையில் சன்னம் வாங்குகிற எவரும் பெட்டியில் உள்ள எண்ணைச் சத்தமாக வாசிக்கவேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு எரிச்சல். ரவி அண்ணை மட்டும் நான் கேட்க முதலே வாசிப்பார்: "மூண்டு, அஞ்சு, ஏழு."

அவர் வாசித்த பிறகும் நான் ஒருதரம் பார்க்கிறேன். அவர் பெட்டியை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.