பந்து நின்ற இடம்

எங்கள் மைதானத்தில் நான் இருபத்தெட்டு வருடங்களாகப் பை தூக்குகிறேன். கோல்ஃப் ஆடுபவர்களின் பை. கேடி என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இதில் நிலைத்தேன். கேட்ட ஸ்டிக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசும் காற்று எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று சொல்ல வேண்டும். பந்து விழுந்த இடத்துக்கு, ஆடுபவருக்கு முன்பே போய் நிற்க வேண்டும்.

முன்பே போய் நிற்பதில்தான் விஷயம் இருக்கிறது. பந்து கல்லை ஒட்டியோ பள்ளத்திலோ கிடந்தால், குனியாமல், நடையையும் நிறுத்தாமல், கால் நுனியால் அதை நெம்பி ஒரு சாண் தள்ளி நல்ல புல்லில் வைத்துவிடுவோம். எங்கள் மைதானத்துக் கேடிகள் எல்லோருக்கும் இது பழக்கம். ஆட வரும் கிளப் மெம்பர்களுக்கும் தெரியும். "பரவால்லையே, நல்ல எடத்துல நிக்குது" என்பார்கள். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயந்து பயந்து செய்தேன். பிறகு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் பெண்களின் தொழில்முறைப் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசிப் போட்டி, மூன்று நாள் ஆட்டம்; பந்தைக் குறைந்த அடிகளில் குழிகளில் போட்டு முடிப்பவருக்கே வெற்றி. வந்த பெண்களில் சிலர் காந்திபுரம் லாட்ஜில் இரண்டு பேராக ஓர் அறையில் தங்கி, ஒரே ஆட்டோவில் இரண்டு பைகளைத் திணித்துக்கொண்டு விடியற்காலையில் வந்து இறங்கினார்கள்.

நான் பை தூக்கிய அம்மணி உள்ளூர்க்காரர். வீடு சரவணம்பட்டியில். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு முதலில் வந்தபோதிலிருந்து, இங்கே ஆடும்போதெல்லாம் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார். சிறுமிகளுக்கான போட்டியில் முதல் கோப்பை வாங்கியதும் இங்கேதான். அன்றும் பை என் தோளில்தான். இப்போது இருபத்து நான்கு வயது. அந்த வருடப் பட்டியலில் அவர்தான் முதலிடம். இரண்டாம் இடத்துப் பெண் ஒட்டிக்கொண்டே பின்னால் வந்தார். இந்தப் போட்டியில் யார் முந்துகிறாரோ அவருக்கே வருடத்தின் முதலிடம், அதோடு வெளிநாட்டுப் போட்டிகளில் ஆட நேரடி இடமும்.

போட்டிக்கு முந்தின நாள் கேடிகள் எல்லோரையும் உட்கார வைத்து, போட்டிகளை நடத்தும் அமைப்பின் தலைவி பேசினார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவராம். சென்னைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "பந்தை நீங்க தொடவே கூடாது. கை மட்டுமில்ல, காலும்தான். தப்பு நீங்க பண்ணாலும் தண்டனை அவங்களுக்குத்தான்."

எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன் என் முழங்காலைத் தட்டினான். "ஏப்பா, நாளைக்கு வாரப்ப காலைக் கழட்டி ஊட்டுல வெச்சுப்போட்டு வா." நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, முதல் குழிக்குப் போகும்போது அம்மணி சொன்னார், "நம்ம கிரவுண்டு எனக்கு ராசிங்ண்ணா. வேற ஊர்ல எல்லாம் பந்து பொந்துக்குள்ள போய் நிக்கும். இங்க மட்டும் எப்பவும் நல்ல எடத்துலதான் நிக்குது." நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பதினான்காவது குழியில் காற்று பந்தை இடது பக்கம் தள்ளிவிட்டது. எங்களோடு ஆடிய இரண்டாம் இடத்துப் பெண்ணும் அவருடைய கேடியும் வலது கோடியில் இருந்தார்கள். அம்மணி தண்ணீர் குடிக்க நின்றார். நான் வழக்கம்போல முன்னால் போனேன். பந்து, மண்ணில் புதைந்திருந்த ஒரு கல்லை ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, பந்து புல்லின் மேல் இருந்ததும் என் கான்வாஸ் ஷூவின் முனையில் செம்மண் ஒட்டியிருந்ததும்தான்.

அம்மணி வந்து பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்ளா, சொன்னேன்ல?"

அப்போதே சொல்லியிருந்தால் பந்தைப் பழைய இடத்தில் வைத்து, கணக்கில் ஓர் அடி கூடும் தண்டனையோடு போயிருக்கும். வாயைத் திறந்தேன். அவர் ஸ்டிக்கைக் கேட்டார். கொடுத்தேன். அடித்தார். பந்து கொடிக்கம்பத்துக்கு அருகே போய் நின்றது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மீதி நான்கு குழிகளிலும் பை கனத்தது. காற்றைத் தப்பாகச் சொன்னேன். "என்னங்ண்ணா, எனக்கு மேல நீங்க பயந்துக்கறீங்க?" என்று அம்மணி கேலி செய்தார். நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வெளிநாடு போவார், நான் மெம்பர்களிடம் திரும்புவேன். அப்படியும் நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க வலது காலைத் தரையில் ஊன்றவே கூசியது.

கடைசிக் குழி முடிந்தபோது அம்மணி ஒரே ஓர் அடியில் முன்னால் இருந்தார். கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போடக் கூடாரத்துக்குள் போனார். கேடிகள் உள்ளே போகக்கூடாது. வாசலில் தலைவி நின்றிருந்தார். அம்மணி பென்சிலை எடுத்து ஒவ்வொரு குழியாகச் சரிபார்ப்பது தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"ஏனுங்க," என்றேன்.

தலைவி திரும்பினார். "சொல்லுங்க."

"பதினாலாவது குழியில பந்தை நான் நகத்திப்போட்டனுங்க."

"கையாலயா?"

"காலுலீங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அம்மணிக்குத் தெரியாதுங்க. அவங்க பின்னாடி வந்தாங்க."

"நீங்க தெரிஞ்சே பண்ணீங்களா?"

"கால் பழக்கத்துல செஞ்சுபோட்டுதுங்க. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் சும்மா இருந்தனுங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் அம்மணியின் பக்கத்தில் குனிந்து பேசினார். அம்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, பதினான்காவது கட்டத்தை ரப்பரால் அழித்தார். அழித்த பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். தப்பான இடத்திலிருந்து ஆடியதற்குக் கணக்கில் இரண்டு அடி கூடியது. ஓர் அடியில் முதலிடம் போனது. இரண்டாம் இடத்துப் பெண் எழுந்து வந்து அம்மணியின் தோளில் கை வைத்தார்.

கார் நிறுத்தும் இடத்துக்குப் பையைக் கொண்டுபோனேன். அம்மணி டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்.

"எத்தனை வருசமாங்ண்ணா இப்புடி?"

"ஆரம்பத்துல இருந்தேங்க. எல்லாருமே செய்யறதுதானுங்க."

"என் பந்தையுமா?"

நான் பையை டிக்கிக்குள் வைத்தேன்.

"மொத கப்பு வாங்குனனே, அன்னைக்குமா?"

"ஞாபகமில்லீங்க அம்மணி."

"பொய் சொல்லாதீங்க."

"நெசமாலுமே ஞாபகமில்லீங்க. இருந்தா இன்னைக்குச் சொன்ன மாதிரி அதையும் சொல்லிப்போடுவனுங்க."

அது உண்மை. செய்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. செய்தேன் என்றால் அந்தக் கோப்பை அவருடையதில்லை, செய்யவில்லை என்றால் அவருடையது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

"ராசி ராசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே," என்றார். டிக்கியை மூடினார். இரண்டாவது தடவைதான் பூட்டு விழுந்தது.

அதன்பிறகு கேடி ஷெட்டில் எனக்குப் புதுப் பெயர். "ஜட்ஜய்யா வாராருப்பா, அவுங்கவுங்க காலைப் பாத்துக்கங்க." மெம்பர்களும் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. நான் வந்தால் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்திலிருந்து நாலு எட்டு தள்ளித்தான் நிற்கிறேன். அப்படியும் வலது கால் சில சமயம் தானாக ஓர் அங்குலம் நகரும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மணி வந்தார். ஷெட் வாசலில் நின்று, மற்றவர்கள் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டார். "வாங்ண்ணா. ஆனா நீங்க எனக்குப் பின்னாடி வரோணும்."

நேராகப் பதினான்காவது குழிக்குப் போனார். அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, பந்தைக் கையாலேயே அதன் ஒட்டில் வைத்தார். அடித்தார். ஸ்டிக் கல்லில் மோதிய சத்தத்துக்கு மயில்கள் பறந்தன. பந்து பத்தடி கூடப் போகவில்லை. இன்னொரு பந்து வைத்தார். அதுவும் அப்படியே. கை வலித்திருக்க வேண்டும், உதறிக்கொண்டார். நான் பையோடு தள்ளி நின்றேன். ஏழோ எட்டோ பந்து ஆன பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"காத்து எப்புடிங்ண்ணா?"

"மேக்கயிருந்துங்க அம்மணி."

அவர் குனிந்து கொஞ்சம் புல்லைக் கிள்ளி, உயரத் தூக்கிப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் காற்றைச் சொன்ன பிறகு அவர் அப்படிச் செய்ததே இல்லை.