விளக்கெரிய இறங்கிய நாற்காலி

உள்ளே காந்தம் வைத்த மோட்டார் எது கிடைத்தாலும் காயிலக்கா அதன் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தண்டைத் திருகிப் பார்ப்பாள். சும்மா இருந்தால் லேசாகச் சுழலும் தண்டு, ஒயர்களைச் சேர்த்ததும் சேற்றில் கால் புதைந்த மாதிரி கனக்கும். "பாத்தீங்களா, முரண்டு பிடிக்குது. நல்ல மோட்டார்" என்பாள். கடைக்கு வருகிற எவரும் ஒருமுறை திருகிப் பார்க்காமல் தப்ப முடியாது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் அவள் தொழில். பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். பேச்சு சூடுபிடித்தால் அதை உருவி, எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானைத் தட்டித் தட்டிப் பேசுவாள்.

அவள் புருஷன் தையல்காரர். குடியிருப்பது மூன்றாம் மாடி, தையல் கடை அதே கட்டடத்தின் அடியில். அவருக்கு இடுப்பு முறிந்த பிறகு நான்கு பேர் தூக்கிக்கொண்டு குறுகலான படியில் இறங்கினார்கள். பாதி வழியில் போட்டுவிட்டார்கள். அன்றோடு சரி. இரண்டு வருடமாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. இன்னொருமுறை விழுந்தால் நான் எழமாட்டேன் என்று மனிதர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அவரைக் கீழே இறக்க பால்கனியில் இரும்புச் சட்டம், கப்பி, கம்பி வடம் எல்லாம் தயார். வடத்தின் முனையில் நாற்காலி. வடம் சுற்றிய உருளையோடு ஒரு பழைய பேட்டரி வண்டியின் மோட்டார். அதன் ஒயர்கள் போய்ச் சேர்ந்த இடம் நான்கு ஹெட்லைட் பல்புகள்.

"கரண்டு போயிட்டா?" என்றார் தையல்காரர், பெல்ட்டை மூன்றாம் தடவையாக இறுக்கிக்கொண்டு.

"இதுல கரண்டே குடுக்கலையே, எங்க போறது? உங்க கனம் மோட்டாரைச் சுத்தும், மோட்டார் கரண்டு உண்டாக்கும், பல்பு எரியும். அந்தப் பாடு படுறதுல அது உங்களை ஓட விடாது. வேகமாப் போகப் பாத்தா இன்னும் இறுக்கிப் பிடிக்கும்."

"உன்னை மாதிரி."

உருளையைச் சுழலவிடாமல் பிடித்திருந்த பூட்டாணியை அவள் உருவினாள். பல்புகள் மினுக்கி, சிவந்து, மஞ்சளாக எரிந்தன. நாற்காலி ஊர்ந்து இறங்கியது. எரிகிறது, இறங்குகிறது! காயிலக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் மாடி ஜன்னலில் டீச்சர் தலையை நீட்டினார். "அண்ணே, எனக்கு ஒரு கோட்டு தைக்கணுமே."

"ஏய், கொஞ்சம் நிறுத்து. டீச்சர் பேசுறாங்க."

"மோட்டார் நிறுத்தாதுங்க, மெதுவாக்கத்தான் செய்யும். போற போக்குல பேசிக்குங்க."

கீழே போய்க்கொண்டே தையல்காரர் கழுத்தை நிமிர்த்திக் கத்தினார்: "துணியோட கடைக்கு வாங்க!"

முதல் மாடியருகே 'டப்' என்று ஒரு பல்பு போயிற்று. உடனே இன்னொன்று. நாற்காலி சரசரவென்று வழுக்கியது. "போச்சு!" என்றார் அவர். காயிலக்கா பக்கத்திலிருந்த சுவிட்சை அடித்தாள். இரண்டு ஒயர்களும் நேராகச் சேர்ந்ததில் மிச்சப் பல்புகளும் அணைந்தன. நாற்காலியோ முன்னைவிட மெதுவாக, நத்தை வேகத்தில் இறங்கியது.

"ஒயரைச் சேத்துட்டேன்! உக்காந்தே இருங்க!"

நாற்காலி தரையைத் தொட்டது. தெருவே கைதட்டியது. தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். "பயந்துட்டியா?"

"எனக்கென்ன பயம்? எல்லாம் கணக்குப் போட்டுத்தானே வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு, கீழே இருப்பவர் கண்ணில் படாதபடி பின்னுக்கு நகர்ந்து மேல்சட்டையைத் தூக்கினாள். நாற்காலியின் முதுகில் கட்டி, அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்த இன்னொரு கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்; இறுகிப்போயிருந்தது. கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி நெம்பினாள்.