சும்மா குடியிருந்தவர்

சொற்போர்க் கோப்பைகள் பல வென்றவன் நான். ஆயினும் நான் கேட்டவற்றுள் தலைசிறந்த வாதம், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு நெசவாளியுடையது. ஒல்லியான உடல், காதில் செருகிய பீடி. அறுந்த பட்டிழையை முறுக்கி இணைப்பவர்போல அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த ஐப்பசியில் தறிக்குழிக்குள் மழைநீர் புகுந்து அவர் வேலை நின்றது. அத்தகையோரின் வாடகைக்கு நெசவாளர் சங்கம் உதவித்தொகை தந்தது. ஆனால் வாடகைச் சீட்டு கேட்டது. நகராட்சி வரியைக் கூட்டிவிடும் என்று அஞ்சிய வீட்டுக்காரர் எதையும் எழுதித் தந்ததில்லை. சங்கத்துக்கு அழைத்துக் கேட்டபோதும், "வாடகையா? பாவமேன்னு சும்மா வுட்டு வச்சிருக்கேன்" என்றார்.

துணைக்குப் போயிருந்த நான் நெசவாளிக்காக எழுந்தேன். பல்லவர் காலத்தில் தொடங்கிக் கால்மணி நேரம் முழங்கினேன். சங்க எழுத்தர் கொட்டாவி விட்டார்.

நெசவாளியின் விரல்கள் நின்றன. "வூட்டுக்கார அய்யா சொல்றது நெசம்தான் சார். ஆறு வருசமா சும்மாதான் இருக்கேன். இனிமேலும் சும்மாவே இருந்துக்கினு போறேன். அப்படியே எழுதி அய்யாகிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க."

"எழுதாதீங்க!" என்று துள்ளினார் வீட்டுக்காரர். "மாசாமாசம் பன்னெண்டு ரூபா வாடகை வாங்கிக்கினு இருக்கேன், இவன் இன்னாடான்னா வூட்டையே முழுங்கப் பாக்கறான்!"

எழுத்தர் அந்தப் பன்னிரண்டு ரூபாய் வாடகையை எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கினார்.

வெளியே வந்ததும் நெசவாளி என் தோளைத் தட்டினார். "நல்லா பேசின தம்பி. நீ பேசி முடிக்கிற வரிக்கும்தான் எனக்கு யோசிக்க நேரம் கெடச்சிது."

அது பாராட்டா என்று இன்னும் எனக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.