பாண்டியராஜனின் பசப்பு இங்கிலீஷ்

பாண்டியராஜன் என்ன சொல்ல வருகிறான் என்று உத்தமபாளையத்தில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. அதனாலேயே அவனுக்கு ஊரில் நல்ல மரியாதை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வேலை. கொரோனாக் காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் அப்படியே தங்கிவிட்டான். மாடி அறையில் ஏசி, முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் செடி, இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. இந்தக் கோலத்தில் உட்கார்ந்துதான் அவன் அந்த வேலையைச் செய்தான்.

அது என்ன வேலை என்பதை நாமாவது நேராகச் சொல்லிவிடலாம், அவன் சொல்ல மாட்டான். ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதுதான் அது. கம்பெனியில் யாரைக் கழிப்பது என்று மேலே முடிவானதும் அவர்களை வரிசையாகப் பாண்டியராஜனிடம் தள்ளிவிடுவார்கள். அவன் வாயிலிருந்து 'உனக்கு வேலை இல்லை' என்ற சொல் வரவே வராது. 'வி ஆர் லெட்டிங் யூ கோ' என்பான். என்னவோ அந்த ஆள் என்னைப் போக விடுங்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சியது போலவும், கம்பெனி மனமிரங்கிச் சம்மதித்தது போலவும் இருக்கும். 'ரைட்சைஸிங்' என்பான். கம்பெனி தையல்காரரிடம் போய்ச் சட்டையை அளவாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று கேட்பவர் நினைத்துக்கொள்ள வேண்டும். யாராவது விடாப்பிடியாகக் காரணம் கேட்டால், 'லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்' என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடுவான். பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று பொருள். அந்தப் பிறகு யாருக்கும் வந்ததில்லை.

மாடியில் பேசியதை மாடியோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அவன் அதைப் படியிறக்கிக் கூடத்துக்குக் கொண்டு வந்தான். மாவு அரைத்துக்கொண்டு வரச் சொன்னால் 'எனக்கு பேண்ட்விட்த் இல்லை' என்பான். நேரமில்லை என்பதைத்தான் அப்படி ஜரிகை வைத்துச் சொல்வான். குழம்பில் உப்பில்லை என்றால் 'ரூம் ஃபார் இம்ப்ரூவ்மென்ட் இருக்கு'. அவன் மனைவி அபிதா, ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாமலில்லை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கிறவளுக்கு எந்தக் கிறுக்கலும் புரியும். ஆனால் அவள் படித்த இங்கிலீஷில் சாப்பாட்டுக்கு முன் என்றால் சாப்பாட்டுக்கு முன்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பது அங்கே ஆளைக் கொன்றுவிடும்.

அபிதாவின் அப்பா கோட்டைச்சாமிக்கோ மருமகனின் பேச்சில் அப்படியொரு மயக்கம். சுருளிப்பட்டியில் அவருக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. திராட்சை விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்கு மருமகனை அழைத்துப் போய் மேடையேற்றினார். பாண்டியராஜன் மைக்கைப் பிடித்து, முதலில் நாம் 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்'டைப் பறிக்க வேண்டும் என்றான். கைக்கெட்டுகிற சுலபமான காரியங்களை முதலில் முடிப்போம் என்பதற்கு கம்பெனிக்காரர்கள் பாஷையில் அப்படிச் சொல்வார்கள், தாழத் தொங்கும் பழம் என்று. முன்வரிசையில் இருந்த முத்துராமலிங்கம் என்ற சம்சாரி கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

“பந்தல்ல எல்லாமே தாழத்தேன் தம்பி தொங்குது. குனிஞ்சு நடந்து அண்ணாந்து வெட்டித்தேன் எங்களுக்குக் கழுத்தே போச்சு. இதுல லேசு எங்கன இருக்கு?”

பாண்டியராஜன் அசரவில்லை. 'எலிஃபண்ட் இன் தி ரூம்' பற்றிப் பேசுவோம் என்று அடுத்ததற்குத் தாவினான். எல்லாருக்கும் தெரிந்தும் எவரும் வாய் திறக்காத பிரச்சினை, அதாவது வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்குவது, அதைத்தான் சொல்ல வந்தான். யானை என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, யாருடைய தோட்டத்தில் என்று கேட்டபடி வண்டிச் சாவியைத் தேடினார்கள். காட்டோரத்தில் பயிர் வைத்திருப்பவர்களிடம் எதை உவமை சொல்வது என்ற விவஸ்தை வேண்டாமா? வியாபாரிகள் சங்கதி அன்று பேசப்படாமலே போயிற்று. கோட்டைச்சாமி மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம், மாப்பிள்ளை பேசியது ஒருத்தனுக்கும் விளங்கவில்லை, அம்புட்டுப் படிப்பு என்று பூரித்துக்கொண்டே வந்தார்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூரிலிருந்து புது மேலதிகாரி அவனை வீடியோவில் அழைத்தாள். திரிஷா என்று பெயர், அவனைவிட வயதில் சின்னவள். இது உங்கள் திறமையைக் குறித்த தீர்ப்பு அல்ல என்று ஆரம்பித்தாள். நல்ல ஆரம்பம் என்று பாண்டியராஜன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான். அடுத்த வாக்கியம் வருவதற்குள்ளேயே அவனுக்கு விளங்கிவிட்டது. அவள் எந்த இடத்தில் நிறுத்துவாள், எந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்தப் பக்குவத்தைக் கம்பெனிக்கு வகுத்துக் கொடுத்ததே அவன்தான். இனிமேல் இந்த மாதிரி உரையாடல்களை ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்ளுமாம். அது இன்னும் இதமாகப் பேசுகிறதாம். ஆகவே பாண்டியராஜனை அவருடைய 'நெக்ஸ்ட் சாப்டர்' நோக்கி 'ட்ரான்சிஷன்' செய்கிறார்களாம். அடுத்த அத்தியாயத்துக்கு வழியனுப்புகிறார்கள். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அத்தியாயத்தை மட்டும் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

திரை அணைந்ததும் அவன் லேப்டாப்பை மூடி வைத்தான். எத்தனையோ பேரை வழியனுப்பியவன், அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான். பாவம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனாலும் அவசரப்பட வேண்டாம்.

கீழே இறங்கி வந்தபோது கோட்டைச்சாமி ஒரு பெட்டி திராட்சையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அபிதாவுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் கேட்டாள். சொல்லிவிடத்தான் பாண்டியராஜன் வாயைத் திறந்தான். ஆனால் நாக்கு பழகிய பாதையில் போய்விட்டது. கம்பெனி தன்னை நெக்ஸ்ட் சாப்டருக்கு ட்ரான்சிஷன் செய்கிறது என்றான். பெரிய விசயமா மாப்பிள்ளை என்று மாமனார் கேட்க, பெரிய சேஞ்ச்தான் மாமா என்றான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் நிற்கும்.

சாயங்காலத்துக்குள் அவன் பெங்களூருக்கு மேனேஜராகப் போகிறான் என்று ஊர் பேசியது. செய்தி கம்பம் போய்ச் சேர்வதற்குள் பெங்களூர் சிங்கப்பூர் ஆகிவிட்டது. அவன் எதையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கேட்டவர்களிடம் 'ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்' என்று இரண்டு விரலைப் பின்னிக் காட்டினான். நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதாம். அவர்களும் பதிலுக்கு விரலைப் பின்னிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை கோட்டைச்சாமி ஒரு கார் பிடித்து எல்லாரையும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளையைப் பிடித்திருந்த சனி விட்டுவிட்டது, நன்றிக்கு ஓர் எள் விளக்கு ஏற்ற வேண்டும் என்றார். பாண்டியராஜன் ஏற்றினான். காக்கைக்குச் சோறும் வைத்தான். சனி வந்து உட்கார்ந்து நாலு நாள்தான் ஆகிறது என்பது அந்தச் சந்நிதியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் சனீஸ்வரனுக்கும்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் அபிதா செருப்பைக் கழற்றிவிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். வருடக்கணக்காக மருந்துக் கடையில் நின்றே வேலை பார்த்ததில் அங்கே நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. முன்சீட்டில் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏங்க, உங்களுக்குத்தேன் பெருசா வருதே. நான் வேலைய விட்டுரட்டுமா? காலு முடியலைங்க.”

அந்த வீட்டில் இப்போது மிச்சமிருந்த ஒரே சம்பளம் அவளுடையது. அதுவும் போய்விட்டால் அடுப்பெரிவதே சந்தேகம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டால் இன்னும் நாலு வார்த்தை. பாண்டியராஜன் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு, “இட்ஸ் யுவர் கால்” என்றான்.

முடிவு உன்னுடையது, உன் இஷ்டம் என்று பொருள். கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! முடிவெடுக்க வேண்டிய சேதியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் தூக்கி அவள் மடியில் போட்டான். இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் கிணற்றில் தள்ளியதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அபிதா கையில் ஒரு பொட்டலம் ஜாங்கிரியோடு வந்தாள். வேலையை விட்டுவிட்டதாகவும், காலையிலேயே சொல்லிவிட்டதாகவும், உடனே வேறு பெண்ணைப் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் இன்றோடு நின்றுகொள்ளுங்கள் என்று அவர்களும் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. முக்காலியில் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாண்டியராஜன் வாயில் இங்கிலீஷ் முட்டிக்கொண்டு நின்றது. கஷ்டத்திலும் ஒரு நல்லது என்கிற 'சில்வர் லைனிங்' வந்தது, தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டோம் என்கிற 'பேக் டு ஸ்கொயர் ஒன்' வந்தது. எதுவும் உதட்டைத் தாண்டவில்லை. புடைத்த நரம்பைப் பார்த்தான். தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

“எனக்கு வேலை போயிருச்சு அபி” என்றான்.

எப்போது என்று கேட்டாள். போன செவ்வாய் என்றான். அப்படியானால் குச்சனூருக்குப் போனபோது என்று ஆரம்பித்தவள், அவன் தலை குனிந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் தள்ளி வைத்தாள்.

“வேலை போனதுக்கு நான் ஏசியிருக்க மாட்டேன். யாருக்குத்தேன் போகல? வாய்விட்டுக் கேட்டேன்ல, கார்ல. அப்பக்கூடச் சொல்லாம விட்டீகளே, அத நான் என்ன செய்ய?”

அவனுக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. அவள் எழுந்து போய் நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மதன்குமார், பெரிய டாக்டரின் மச்சினன், கோயம்புத்தூரில் எம்பிஏ படித்தவன். உட்காரச் சொன்னான், காபி வரவழைத்தான். அபிதா காபியைத் தொடாமல் நேராக விசயத்துக்கு வந்தாள்.

“சார், இவருக்கு வேலை போயிருச்சு. அது தெரியாம நேத்து எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு என் வேலை திரும்ப வேணும்.”

மதன்குமார் மேசைமேல் சாய்ந்து, முகம் நிறையக் கனிவோடு பேசினான். அபிதா இந்த மருத்துவமனையின் குடும்பத்தில் ஒருத்தி, அவளுக்கு இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றான். இப்போது உள்ளே சில மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன என்றான். கடைசியாக எழுந்து நின்று கைகூப்பி, “டெஃபினிட்லி, வி வில் கீப் யூ இன் தி லூப்” என்றான். ஏதாவது இருந்தால் கட்டாயம் தெரியப்படுத்துகிறோம் என்று பொருள். அபிதாவும் எழுந்து கைகூப்பி, ரொம்ப தேங்க்ஸ் சார் என்றாள். கதவு வரைக்கும் வந்து வழியனுப்பி வைத்தான்.

வாசல் படியில் இறங்கும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நல்ல மனுசர், எடுத்தெறிந்து பேசவில்லை என்றாள். பிறகு புருசனைத் திரும்பிப் பார்த்து, லூப்பில் வைக்கிறேன் என்றால் எத்தனை நாளில் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் பேசியவனிடம், அவள் அர்த்தம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பாசிட்டிவ்தான் என்று சொல்லிவிடலாம். இன்னும் பத்து நாளைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாண்டியராஜன் அப்படிச் சொல்லவில்லை.

“கூப்பிட மாட்டாக. இல்லைங்கிறாரு.”

“இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? இதுக்கு எதுக்குக் குடும்பம், கதவு, காபி?”

இதற்கு அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அவன் தொழில்.

“இல்லைன்னு சொன்னா, ஏன் இல்லைன்னு நாம அங்கனயே நின்னு கேப்போம். இப்பப் பாரு, தேங்க்ஸ் சொல்லிட்டு நாமளே வெளிய வந்துட்டோம்.”

அபிதா படியிலேயே நின்றாள். இத்தனை வருசமாக மாடியில் உட்கார்ந்து செய்தது இதைத்தானா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் திரும்பப் படியேற ஆரம்பித்தாள்.

“அப்ப நின்னே கேப்போம். நீங்க வாயத் தொறக்காம வாங்க.”

பாண்டியராஜன் அவள் பின்னாலேயே ஏறினான்.