போட மறுத்த கமா

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் கமாக்கா என்றால்தான் அவளைத் தெரியும். நிருபர்கள் எழுதித் தரும் செய்திகளைத் திருத்துவது அவள் வேலை. மூச்சு விடும் இடமெல்லாம் கமா போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "படிக்கிறவனுக்கு மூச்சு விடத் தெரியும். எது எதோட சேரும்னு மட்டும் காட்டு, போதும்" என்பாள். கடைக்குக் கொடுக்கும் சீட்டில்கூட அவள் கமா பார்ப்பதாக வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பொய்யுமல்ல.

அப்படிப்பட்டவள் ஒரு கமாவைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்த கதை இது.

ஒரு மாலை விபத்துச் செய்தி ஒன்று வந்தது. கட்டட அதிபர் ஒருவரின் கார், சைக்கிளில் போனவர்மேல் ஏறிவிட்டது. காரில் இருந்தது அதிபரும் அவருடைய ஓட்டுநரும்; ஓட்டியது யார் என்று பார்த்தவர் இல்லை. குடித்திருந்தவர் அதிபர், பரிசோதனை அறிக்கையையே நிருபர் வாங்கி வந்திருந்தான். கைதானதோ ஓட்டுநர். அவசரத்தில் நிருபர் இப்படி எழுதியிருந்தான்: "குடிபோதையில் இருந்த கட்டட அதிபரின் ஓட்டுநர் கைது செய்யப்பட்டார்."

குடித்தது யார்? இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். கமாக்கா பேனாவை எடுக்கும் முன் ஆசிரியரே அவள் மேசைக்கு வந்துவிட்டார். அதிபரின் விளம்பரம் இல்லாமல் அந்தப் பத்திரிகை ஒரு நாளும் வெளிவந்ததில்லை.

"'இருந்த'வுக்குப் பக்கத்துல ஒரு கமா போட்டுடுங்கம்மா."

போட்டால், "குடிபோதையில் இருந்த, கட்டட அதிபரின் ஓட்டுநர்." குடி மொத்தமும் ஓட்டுநர் தலையில் விழும். அதிபர் பச்சைப் பிள்ளையாகிவிடுவார்.

"போட மாட்டேன் சார்."

"ஒரு கமாதானேம்மா. இலக்கணப்படி சரிதானே?"

"இலக்கணம் சரி சார். சங்கதிதான் பொய். குடிக்காதவன் வாயில நான் ஊத்த மாட்டேன்."

ஆசிரியர் முகம் கறுத்தது. "அப்போ நாளைக்கு இந்த மேசையில நீங்க இருக்க மாட்டீங்க."

இத்தனை வருடமாக உட்கார்ந்த மேசை அது. ஆனால் அதை இழக்கும் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வாக்கியத்தை இரண்டாக வெட்டினாள்: "கட்டட அதிபர் குடிபோதையில் இருந்தார். அவருடைய ஓட்டுநர் கைது செய்யப்பட்டார்." கமா கேட்டவருக்கு முற்றுப்புள்ளி கிடைத்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே அச்சுக்கு அனுப்பினாள். செய்திப் பிரிவே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் தடுக்கவும் முடியவில்லை.

"ஒரு கமாவுக்காக யாராவது வேலையை விடுவாங்களா?" என்று அன்றிரவு வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேலையை விடல. கமாவைத்தான் விட்டேன்."

மறுநாள் அவளை விளம்பரப் பிரிவில், கழிவறைக்குப் பக்கத்து மூலையில் உட்காரவைத்தார்கள். முதலில் வந்ததே அதிபரின் விளம்பரம்தான்: "23 அறை வீடுகள் விற்பனைக்கு." 2-3 அறை என்று இருக்க வேண்டியது, நடுவில் வர வேண்டிய சிறுகோடு விடுபட்டுப் போயிருந்தது. அப்படியே வந்தால் ஊர் சிரிக்கும்.

"விட்டுடுங்கக்கா, நல்லா படட்டும்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

கமாக்காவுக்கும் ஆசைதான். கொஞ்ச நேரம் அந்த 23-ஐப் பார்த்து ரசித்தாள். பிறகு கோட்டைப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போய் அவர் முன்னால் வைத்தாள்.

"அவருக்குச் சேர வேண்டிய கோடு சேர்ந்தாச்சு சார். சேராத கமாவை மட்டும் இன்னைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்."