தம்பியின் குதிகால்

கடலில் வேலை செய்கிறவனுக்குக் குதிகால் கடைசியில்தான் தரையில் படும். மணலில் படகைத் தள்ளித் தள்ளி அப்படி ஆகிவிடுகிறது. என் தம்பி இதில் எங்கள் எல்லாரையும் மிஞ்சியவன். நடந்தால் சத்தமே வராது. அம்மா குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று அவளைப் பதறவைப்பான். "வந்துகினு கீறேன்னு ஒரு சத்தம் குடுடா பாவி" என்று கரண்டியை ஓங்குவாள்.

வலைத் தகராறில் ஒருத்தன் மண்டையை உடைத்துவிட்டு அவன் உள்ளே போனான். செங்கல்பட்டைத் தாண்டி இருந்த அந்த ஜெயிலில் பட்டாளத்தில் நடத்துகிற மாதிரி ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். விடிவதற்கு முன் ஓட்டம், அப்புறம் கவாத்து, அப்புறம் மண் சுமப்பது. கடைசி அணிவகுப்பில் தேறினால் தண்டனை குறையும். தேறாதவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு அவசரம் இருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. உயிரோடு இருக்கும்போதே அவன் ஒரு தடவை பின்னால் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை அவன் தேறவில்லை. எங்கள் ஊர் நெம்மேலியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். வரிசை முழுக்க ஒரே சத்தமாகக் குதிகாலை இறக்க வேண்டுமாம், இவன் கால் மட்டும் விரலில் இறங்குகிறதாம். அதற்காக மற்றவர்கள் வெயிலில் தவளை மாதிரி தாவ வேண்டும், இவன் நின்று பார்க்க வேண்டும். அறைக்குத் திரும்பியதும் தாவினவர்கள் இவனைக் கவனித்துக்கொள்வார்கள். ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறார்களாம், பெரிய ஒழுக்கம்.

"அம்மா எப்டி கீது?" என்றான்.

"கீது. நீ உன் காலைப் பாரு" என்றேன்.

சாப்பாட்டு வரிசையிலும் குளிக்கப் போகும்போதும் சிமெண்டுத் தரையில் குதிகாலை அடித்து அடித்துப் பழகினான். தோல் வெடித்துவிட்டதாம். அடுத்த தடவை தேறிவிட்டான். விடுதலை உத்தரவு மேலிடத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். வாசலுக்கு முதுகு காட்டிப் படுக்கிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். அப்படியே படுத்திருந்தாள். உத்தரவு வருவதற்குள் போய்விட்டாள்.

போலீஸ் காவலோடு, கொள்ளி வைக்க மட்டும் அவனை அனுப்பினார்கள். விலங்கைக் கழற்றிய கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்தோம். அவன் முன்னால் நடந்தான். நான் பாடைக்குத் தோள் கொடுத்திருந்தேன்.

சவுக்குத்தோப்புக்குத் திரும்புகிற சிமெண்டு ரோட்டில் மேளம் ஓய்ந்தது. எல்லாரும் வெறுங்கால்தான். அவன் குதிகால் மட்டும் தொம், தொம் என்று விழுந்தது. முதுகு விறைத்திருந்தது, சட்டி இல்லாத கை முன்னும் பின்னும் வீசியது. மெதுவாக நடடா என்று சித்தப்பா அதட்டினார். அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். ஆனால் கால் கேட்கவில்லை.

சத்தம் கொடு, சத்தம் கொடு என்று எத்தனை வருஷம் கேட்டிருப்பாள். இப்போது கொடுத்துக்கொண்டு போகிறான். அம்மாவுக்கு அது கேட்டிருந்தால், வேறு யாரோ வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள்.