ஃபியூஸ் கட்டையும் பின்வாசலும்

என் மனைவியின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய பேஸ்மேக்கர் ஒன்று இருக்கிறது. பின்கட்டில் என் மேசைமேல், காற்றில் மின்பொறி விடும் டெஸ்லா காயில் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாமா என்ற கேள்விக்கு எந்த விதிப்புத்தகத்திலும் பதில் இல்லை. எல்லா விதிப்புத்தகங்களும் என்னிடம் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நான் மின் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திரையரங்கு, அரிசி ஆலை, கல்யாண மண்டபம் என்று போய், மின்சாரம் இருக்க வேண்டிய இடத்தைவிட்டுத் தாண்டாது என்று கையெழுத்துப் போடுவது வேலை. தாண்டிவிட்டால், எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து விடுபட்டது என்று கண்டுபிடிப்பதும் வேலை. ஓய்வுக்குப் பிறகு கோயில் கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் கையெழுத்துதான் என்று தெரிந்ததால் காயில் சுற்றத் தொடங்கினேன்.

அறை கொள்ளாத பழைய மாதிரிக் காயில் இல்லை. மாஸ்ஃபெட் என்னும் கட்டைவிரல் நகமளவுச் சில்லுகள் நொடிக்கு இரண்டு லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடும். ஒரு முழ உயரக் குழாயில் சுற்றிய மயிரிழைக் கம்பி அதை உயர்த்தி, உச்சியிலிருந்து காற்றில் பொறியாக விடும். மொத்தமும் ஒரு குத்துவிளக்கு நிற்கும் இடத்தில் அடங்கிவிடும். ஒரு முழ நீளத்துக்குப் பொறி வர வேண்டும் என்பது என் ஆசை. முதல் ஆறு மாதம் மாஸ்ஃபெட்டுகள் வெடித்தன. கூரியர்காரர் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம், "தீவாளிக்குத் தனியா வெடி வாங்க வேணாம்ங்க," என்று அவரிடம் சொல்வாள் என் மனைவி.

உச்சியில் வைக்க வழவழப்பான உருண்டை உலோகம் தேவைப்பட்டது. எங்கள் கல்யாணத்தில் அவள் வீட்டார் பரப்பிய சாமானிலிருந்து, நாற்பது ஆண்டுகளாக அறையைவிட்டு வெளியே வராத இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"ஆத்தா பேரு வெட்டிருக்கு. கருக்குனீகன்னா, அடுத்த சென்மத்துலயும் சோறு போட மாட்டேன்."

கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டிய வாரத்தில்தான் அவள் மயங்கி விழுந்தாள். மதுரையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்குமாம், தாமதித்தால் ஒரு தட்டுத் தட்டுமாம். காயிலின் மின் இரைச்சலை அது இதயம் என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டேன். தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்றார். தயாரித்தவர்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்று எழுதினார்கள். இந்த வகைக் கடிதத்தை நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன் என்பதால் கோபம் வரவில்லை.

காயிலைத் துணியால் மூடிவைத்தேன். அவள்தான் துணியை எடுத்தாள்.

"எனக்குள்ள ஒண்ண வச்சுட்டாகன்னு ஒங்களுத எதுக்கு மூடுறீக? நான் என்ன கண்ணாடிப் பொம்மையா?"

அதனால் ஒரு நடைமுறை வகுத்தேன். கம்பியில் வேலை செய்பவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். அது அவன் பையில் இருக்கும்வரை யாரும் மின்சாரம் விட முடியாது. உயிர் யாருடையதோ கட்டை அவரிடம். ஆகவே பின்கட்டின் ஃபியூஸ் கட்டை என் மனைவியின் சுருக்குப் பையில் இருக்கும். செக்காலையில் தன் தங்கை வீட்டுக்கோ கோயிலுக்கோ போகும்போது முன்வாசலில் என்னிடம் தருவாள். நான் முன்கதவைத் தாழிட்டு, 'அபாயம்' பலகையைத் தொங்கவிட்டுத்தான் காயிலை ஓட்டுவேன். அவள் திரும்பி வந்து முன்கதவைத் தட்டினால் என் மேசையில் ஒரு விளக்கு எரியும். அணைத்துவிட்டு, கட்டையை அவள் கையில் கொடுத்த பிறகுதான் படி தாண்டுவாள். நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

"ஊருக்கெல்லாம் காட்டுவீக, நான் மட்டும் பாக்கக் கூடாது," என்று கையெழுத்துப் போடும்போது சொன்னாள். நோட்டில் அதற்கு எண் கிடையாது.

போன மாசியில் திருப்பத்தூரில் அவளுடைய பெரியம்மா இறந்துபோனார். விடியற்காலையிலேயே இருவரும் கேதத்துக்குப் போனோம். மாலை போட்டுவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லிக் கிளம்பினேன். முழங்கால் வலித்தது உண்மை. புதுச் சில்லுகள் முந்தின நாள் வந்திருந்ததும் உண்மை. அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, சுருக்குப் பையைத் திறந்து கட்டையை என் கையில் வைத்தாள்.

"அது என்ன ஆச்சி?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"எங்க வீட்டுச் சாவி," என்றாள் என் மனைவி. என்னிடம், "எடுக்கச் சாயங்காலம் ஆகும். நிதானமாச் செய்யிங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டுக்குப் போனவன் முன்வாசலில் நுழைய முடியாது. பின்தெரு வழியாகச் சுற்றி வந்து, குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு பின்கட்டுக்குள் ஏறினேன். பின்கதவைச் சும்மா சாத்தினேன். பிறகு நடை முழுதும் நடந்து போய் முன்கதவைத் தாழிட்டேன். பலகையைத் தொங்கவிட்டேன். விளக்கைச் சோதித்தேன். நோட்டில் டிக் செய்தேன்.

சன்னல்களை அடைத்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதலில் ஒரு சாண். மின்னழுத்தத்தை ஏற்றினேன். பொறி கிளைகளை விட்டுவிட்டு, வாள்போல நேராக நின்றது. பின்னால் தொங்கவிட்டிருந்த மர அளவுகோலில் பார்த்தேன். ஒரு முழம். மின்னல் விழுந்த இடத்தின் வாடை அடித்தது.

ஏன் திரும்பினேன் என்று தெரியவில்லை. பின்கதவு திறந்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈரச் சேலையோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

அணைத்தேன்.

"ஏன் அணைச்சீக?" என்றாள்.

சீக்கிரமே எடுத்துவிட்டார்களாம். கார் வைத்திருந்த ஒருவர் பின்தெருவில் இறக்கிவிட்டாராம். அவள் படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன், இரண்டு முறை எண்ணிக்கை தப்பியது.

"லேசாத் தலையச் சுத்துது. காலைலருந்து சாப்பிடல, அதான்."

பிறகு அளந்தேன். காயிலிலிருந்து அவள் நின்ற இடம் ஏழடி.

மறுநாள் மதுரைக்குப் போனோம். பேஸ்மேக்கரைச் சோதிக்கும் பெண் ஒரு வட்டத் தகட்டை அவள் தோள்மேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"நேத்துப் பதினொன்னு நாப்பதுக்கு என்னம்மா செஞ்சீங்க? வெளியில ஏதோ இரைச்சல் கேட்டிருக்கு. இதயத்தைக் கேக்குறத நிறுத்திட்டு, மிஷின் பாட்டுக்குத் தட்டியிருக்கு. பன்னெண்டு செகண்ட்."

"குளிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

விசாரணைகளில் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து இப்படிப்பட்ட வாக்குமூலங்களை எவ்வளவோ எழுதியிருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாத பொய். கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்காகச் சொல்வது. நான் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே இருப்பவனிடம் கையெழுத்து வாங்குவேன்.

"நான்தான்மா," என்றேன். "வீட்டில் உயர் மின்னழுத்தக் கருவி ஒன்றை ஓட்டினேன். இவள் பின்வாசல் வழியாக வருவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே வழியாகத்தான் நானும் வந்தேன்."

"பேஸ்மேக்கருக்குச் சேதம் இல்ல. இனிமே அது கிட்டக்க இவங்க போக வேணாம் சார்," என்றாள் அந்தப் பெண். அவள் படிவத்தில் காரணம் எழுத இடமே இல்லை.

திரும்பும் பேருந்தில் மேலூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எம்புட்டு நீளம் வந்துச்சு?"

"ஒரு முழம்."

"நான் வந்தப்ப அதுக்கு மேலயே இருந்துச்சு. நீங்க திரும்பிட்டீக, பாக்கல." சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் கிண்ணங்களைப் பிரித்துத் துடைத்தேன். அவள் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் மிளகளவில் ஒரு கறுப்புப் புள்ளி. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதை அவளும் பார்த்தாள். இரவு சோறு போட்டாள்.

நோட்டை எடுத்து, கடைசி எண்ணுக்குக் கீழே எழுதினேன்: கேதத்திலிருந்து வருகிறவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அவள் இன்னும் போடவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபியூஸ் கட்டை அவளுடைய சுருக்குப் பையில் இருக்கிறது. இப்போது வெளியே கிளம்பும்போது அதை முன்வாசலில் என்னிடம் தராமல், கூடவே எடுத்துக்கொண்டு போகிறாள்.